தீர்மானத்தின்படி பனி பெய்யும்

விமலராணியும் றோபேட்டும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் விழித்த கண்ணோடு பார்ப்பது அரிதாகத்தான் நடந்தது. பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டறை வீட்டிலிருந்து அவள் விடியமுன் இறங்கிவிடுவாள். பொலித்தேயாமாப் பக்கத்தில் சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் ஒரு வயதான இத்தாலியச் சீமாட்டியை எழுப்பி, குளிக்க வார்த்து, கோப்பி கொடுத்து, மாலைவரை அந்த வீட்டோடு மல்லுக்கட்டுவது அவளது வேலை. றோபேட் மத்தியானம் எழுந்து கடற்கரையூரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய், ஒரு கடலுணவுக் கடையின் பின்பக்கத்தில் கணவாய்க்கும் மீனுக்கும் வயிறு கிழித்துவிட்டுத் திரும்பும்போது அவள் நித்திரையாயிருப்பாள். இருவருக்கும் நடுவில் மகள் மொனிகா தபால்காரியாக வளர்ந்தாள். "அப்பா, காஸ் முடிஞ்சுதாம்." "அம்மா, வாற சனிக்கிழமை அப்பாவுக்கு வேலையாம்." பெற்றோரின் தாம்பத்தியம் அவள் வாயால்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சமையலறைத் தரையை உடைத்துத் திருத்த டிசம்பர் தொடக்கத்தில் கடையைப் பூட்டப்போவதாகக் கடைக்காரர் முன்கூட்டியே சொன்னார். எட்டாம் திகதி அமலோற்பவ மாதா திருநாளன்று சிஞ்ஞோராவும் மகன் வீட்டுக்குப் போகிறாள். ஞாயிறுகளில் விமலராணிக்குக் கிடைப்பது அரை நாள்தான். அதுவும் பூசையோடு போய்விடும். இது முழு நாள். மூன்று பேரும் ஒன்றாய் இருக்கக்கூடிய ஒரு முழு நாள்.

அந்த நாளை என்ன செய்வதென்று அவள் யோசிக்கவே இல்லை. விடை முன்கூட்டியே இருந்தது. இத்தாலிக்கு வந்த காலத்திலிருந்து அவள் பனியைத் தொட்டதில்லை. மன்னாரில் இருக்கிற உறவெல்லாம் தொலைபேசியில் முதலில் கேட்பது, "அங்கை ஸ்னோ கொட்டுதோ?" என்பதுதான். பலெர்மோவில் பேரீச்சை மரம் நிற்கிறது என்றால் நம்ப அங்கே ஆளில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் ஓடினால் மடோனியே மலை இருக்கிறது. அங்கே நல்ல குளிருக்குச் சனம் சறுக்குமாம். டிசம்பர் தொடக்கத்தில் பனி இருக்கும் என்று ஒருவரும் அடித்துச் சொல்ல முடியாது. விமலராணியின் திட்டம் அதனால் மிகச் சாதாரணமானது: இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வான். பனி இருந்தால் மலை, இல்லாவிட்டால் எங்காவது இருந்து நன்றாகச் சாப்பிடுவது.

இந்தத் திட்டத்தை அவள் பூசை முடிந்து, தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில், ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிழை. அந்த மண்டபத்தில் அதே வேளை பலெர்மோ ஒருங்கிணைந்த தமிழர் பண்பாட்டு மேம்பாட்டு ஒன்றியத்தின் மாதாந்தக் கூட்டம் தொடங்கவிருந்தது.

ஒன்றியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரில் 'ஒருங்கிணைந்த' என்ற சொல் அது மூன்றாவது தடவை பிரிந்தபோது சேர்க்கப்பட்டது. கோவிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். பேதமில்லாமல் எல்லோருக்கும் பதவி இருந்தது. கிழமை முழுதும் அடுத்தவர் வீட்டில் "சி, சிஞ்ஞோரா" சொல்லிக் களைத்த மனிதர்கள், ஞாயிறன்று தங்களைப் பார்த்து யாராவது "ஓம், தலைவர்" என்று சொல்லவேண்டும் என ஆசைப்படுவதில் குற்றம் காண முடியாது. அதைச் சொல்லுவதற்காக மற்றவர்களைப் பிடித்து இருத்தி வைத்ததுதான் குற்றம்.

தலைவர் இராஜநாயகத்துக்கு நல்ல காது.

"தங்கச்சி, மலையைப் பற்றி ஏதோ கதைச்சியள் போலை?"

"ஒண்டுமில்லை அண்ணை. எட்டாந் திகதி ஒரு வான் பிடிச்சு மடோனியேக்குப் போய் ஸ்னோ பாப்பம் எண்டு. ஸ்னோ இருந்தால்தான்."

"வானோ?" தலைவர் அந்தச் சொல்லை வாயிலிருந்து துப்பினார். "எங்கடை சனம் வானிலை ஒளிச்சுப் போற சனமோ? பஸ்! பனர்! விழா!"

அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். எடுத்தால் இலேசில் வைக்கமாட்டார். "உலகத்திலை தமிழன் கால் படாத நாடில்லை. ஆனால் தமிழன் சறுக்காத மலை இருக்கு. இது எங்கடை இனத்துக்கு ஒரு வரலாற்றுக் கறை. அந்தக் கறையைத் துடைக்கிற காலம் கனிஞ்சிட்டுது!"

"சறுக்கிறதுக்கு இல்லை அண்ணை, சும்மா தொட்டுப் பாக்கத்தான்..." என்றாள் விமலராணி. அவளிடம் ஒலிவாங்கி இல்லை.

செயலாளர் சோதிலிங்கம் தீர்மானத்தை எழுதத் தொடங்கினார். ஒன்றியத்தின் சட்டவிதியான யாப்பு அவருக்கு மனப்பாடம். அதை எழுதியவரும் அவரே. "டிசம்பர் எட்டாம் திகதி மடோனியே மலையில் பனி இருந்தால்..." என்று எழுதியவர் பேனையை நிறுத்தினார்.

"தலைவர், ஒரு சிக்கல். யாப்பின்படி 'இருந்தால்' எண்ட சொல்லோடை ஒரு நிகழ்ச்சியை அறிவிக்க ஏலாது. ஒன்றியத்தின்ரை கௌரவம் சம்பந்தப்பட்ட விசயம்."

"அப்ப இல்லாட்டில்?" என்று கேட்டாள் விமலராணி.

"'இல்லாட்டில்' எண்டதும் ஏலாது."

'இருந்தால்' வெட்டப்பட்டது. டிசம்பர் எட்டாம் திகதி மடோனியே மலையில் பனி இருக்கும் என இச்சபை தீர்மானிக்கிறது என்று சோதிலிங்கம் உரத்து வாசித்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நித்திரையாயிருந்த ஒருவரின் கையைப் பக்கத்திலிருந்தவர் தூக்கிப் பிடித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கையோடு கையாக விமலராணி ஒன்றியத்தின் பனி இணைப்பாளராகத் தெரிவுசெய்யப்பட்டாள். ரோல்ஸின் மிச்சப் பாதி இன்னும் அவள் கையில் இருந்தது.

வீட்டில் மொனிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, வோட் போட்டு ஸ்னோவைக் கொண்டு வாறதோ? வெராமெந்தே ரிடிக்கொலோ! சரியான கூத்து!"

"சிரிக்காதை," என்றாள் விமலராணி. "நான்தான் இப்ப அதுக்குப் பொறுப்பு."

*

நவம்பரில் பயிற்சிப் பாசறை நடந்தது. மலையில் பனியில்லாததால் மொண்டெல்லோ கடற்கரை மணலில் நடத்துவதெனத் தீர்மானமாயிற்று. வெயில் நல்ல வெயில். சில வெள்ளைக் கிழவர்கள் காற்சட்டையோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றியத்தார் கம்பளித் தொப்பியும் கையுறையும் பொங்கிய ஜாக்கெட்டுமாய் வந்து வரிசையில் நின்றார்கள். சீருடை கட்டாயம் என்று சுற்றறிக்கை போயிருந்தது.

சறுக்குப் பலகை ஒரு சோடிதான் இருந்தது. சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடையது. விமலராணி கேட்டபோது சிஞ்ஞோரா, "கொண்டுபோ, திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனிசன் அதிலைதான் காலை முறிச்சது," என்று கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் பலகையை மனதில் அணிந்துகொள்ளும்படி தலைவர் பணித்தார். ஆகவே ஒரு பெரும் கூட்டம் கடலைப் பார்த்தபடி, முழங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தள்ளி, இரண்டு கையிலும் கூட்டுகிற தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க அசையாமல் நின்றது.

உண்மையான பலகையை அணியும் பேறு செயலாளருக்குக் கிடைத்தது. மகளிர் அணித் தலைவி குகனேஸ்வரி பெண்களுக்கே முன்னுரிமை என்று வாதாடிப் பார்த்தார். வாதம் முடியமுன் சோதிலிங்கம் கால்களைக் கட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மனிதர் மணலில் முகங்குப்புற விழுந்து, எழும்பத் தெரியாமல், கவிழ்ந்த ஆமைபோலக் கிடந்து கையைக் காலை அடித்தார்.

"பாத்தியளோ!" என்றார் தலைவர். "இதுதான் முதலாவது பாடம். விழுறது. செயலாளர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்."

கைதட்டினார்கள். அந்நேரம் மாநகரக் காவலர் ஒருவர் வந்தார். பலெர்மோக் காவலருக்குத் தெருவை மறிக்கும் கூட்டம் புதிதல்ல. ஆண்டு முழுதும் ஏதாவது புனிதரைத் தூக்கிக்கொண்டு யாராவது போய்க்கொண்டிருப்பார்கள். தொப்பியும் தடியும் மண்ணில் விழுந்து கிடக்கும் ஒருவரும் அவருக்குத் தெளிவாகவே விளங்கின. "எந்தப் புனிதர்?" என்று மட்டும் பணிவாகக் கேட்டார்.

மண்ணைத் துப்பிக்கொண்டிருந்த சோதிலிங்கத்துக்கு, யார் உங்கள் தலைவர் என்று கேட்பதாகப் பட்டது. கையை நீட்டிக் காட்டினார். "இராஜநாயகம்."

காவலர் தலைவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார். அந்த மாத அறிக்கையில் இது, 'பயிற்சிப் பாசறையின்போது மாநகரசபை எமது தலைவருக்கு உத்தியோகபூர்வ மரியாதை செலுத்தியது' என்று பதிவாகியது.

*

திருநாள் கிட்டக் கிட்ட விமலராணிக்கு நித்திரை குறைந்தது. சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டும்போதும் மற்றக் கையிலிருந்த கைப்பேசியில் மலையின் வெப்கேம் ஓடியது. அதில் புல் தெரிந்தது. மறுநாளும் புல். ஒருநாள் வெள்ளையாய் ஏதோ தெரிய, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அது ஒரு பசு. கடைசியில் மலையில் சறுக்குக் கயிறு இழுக்கிற இடத்துக்கே தொலைபேசி எடுத்தாள். எடுத்த மனிதன் நல்லவன். "சிஞ்ஞோரா, பனி வந்தால் மாடு கீழே இறங்கும். மாடு இறங்கவில்லை," என்றான்.

இதை அவள் கூட்டத்தில் சொன்னாள்.

"அந்தாள் ஒன்றியத்தின்ரை உறுப்பினரோ?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை அண்ணை. இத்தாலியன்."

"அப்ப அந்தாளின்ரை கருத்து எங்களைக் கட்டுப்படுத்தாது."

குகனேஸ்வரி எழுந்தார். அவர் கடற்கரையிலிருந்தே இதற்காகக் காத்திருந்தார். "எட்னாவைப் பாருங்கோ! நெருப்பு மலை! அதுவே உச்சியிலை பனி வைச்சிருக்கு. எங்கடை தலைவர் தெரிஞ்செடுத்த மலை மாடு வைச்சிருக்கு! நாங்கள் எட்னாவுக்குப் போறம்!"

மண்டபத்தில் பாதிப்பேர் அவரோடு எழுந்தார்கள். ஒன்றியத்துக்குள் எட்னா அணி பிறந்தது. எட்னா அணிக்காரர் மடோனியே அணிக்காரரை மாடு மேய்ப்பவர்கள் என்றும், மடோனியே அணிக்காரர் எட்னா அணிக்காரரை எரிமலையில் ஐஸ் விற்பவர்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கதவுக்காரர்கள் படியில் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். இரண்டு மலையையும் இரண்டு அணியிலும் ஒருவரும் நேரில் பார்த்திருக்கவில்லை.

அணி பிரிந்தால் காரணம் வேண்டும். காரணம் என்றால் ஒரு ஆள் வேண்டும். பனி வராதது குறித்து விசாரணைக்குழு அமைந்தது. பங்கு மண்டபத்துச் சமையலறையில் தலைவரும் செயலாளரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். விமலராணி இந்தப் பக்கம், பெரிய தேநீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"பதவியை ஏற்ற நாளிலையிருந்து பனியை வரப்பண்ண நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று சோதிலிங்கம் கேட்டார்.

"வெப்கேம் பாத்தன்."

"பாத்தாப்பிறகு?"

"பிறகும் பாத்தன்."

'இணைப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று சோதிலிங்கம் எழுதினார்.

"போன வருசம் இந்த நேரம் அங்கை பனி இருந்ததாம்," என்றார் தலைவர். "நீங்கள் பொறுப்பெடுத்தாப்பிறகுதான் இல்லை. நாங்கள் குற்றம் சாட்டேல்லை தங்கச்சி. ஆனால் சனம் கேட்குது."

"அது வானத்தாலை வாறதல்லோ அண்ணை. நான் என்ன செய்ய?"

"வானத்திலை பழியைப் போடுறது லேசு. ஒன்றியத்திலை நாங்கள் ஒருநாளும் வானத்தைக் குற்றம் சொன்னதில்லை."

வெளியே வந்தபோது அவளுக்கே ஒரு சந்தேகம் தட்டியது. வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும் நேரங்களில், தான் ஏதோ செய்ய மறந்துவிட்டதுபோல, மேகத்தைப் பார்த்துக் கூசினாள். ஒன்றியத்தின் பெரிய திறமை அதுதான். காரணமில்லாமல் ஒரு மனிதரைக் கூசவைக்க அதற்குத் தெரியும்.

அடுத்த நாள் கடை பூட்டியிருந்ததால் றோபேட் வீட்டில் இருந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள், "விடுவமப்பா. எனக்கு வேண்டாம் இந்த மலை. நாங்கள் மூண்டு பேரும் கடற்கரையிலை போய் இருப்பம்."

றோபேட் அதிகம் கதைக்கிறவன் அல்ல. "கடலை நான் ஒவ்வொரு நாளும் மீன்ரை வயித்துக்குள்ளை பாக்கிறன்," என்றான். "மலைக்குப் போவம். மாடெண்டாலும் பாப்பம்."

திருநாளுக்கு முதல்நாள் காற்று மாறியது. வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. சந்தையில் மீன்காரன் கைகளை ஊதிக்கொண்டான். மறுநாள் பின்னேரம் மலையுச்சியில் பனி பெய்யலாம் என்று வானிலைச் செய்தி சொன்னது. பெய்யும் என்று சொல்லவில்லை, பெய்யலாம். விமலராணி உடனே தலைவரை அழைத்தாள்.

"பின்னேரமோ?" என்றார் தலைவர். "பின்னேரம் என்ரை தலைமையுரை."

"அண்ணை, பேச்செல்லாத்தையும் காலமையே முடிச்சிட்டால், பின்னேரம் சனம்..."

"காலமை மங்கள விளக்கு, அகவணக்கம், ஆசியுரை, வாழ்த்துரை. நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சு. நீங்கள்தானே இணைப்பாளர்? பனியைக் கொஞ்சம் பிந்தி வரச்சொல்லுங்கோ."

அவர் பகிடி விடவில்லை. பகிடி விடுகிற ஆளும் அல்ல.

*

திருநாளன்று பலெர்மோ முழுவதிலும் வாடகைக்கு ஒரு பஸ்தான் அகப்பட்டது. ஆகவே இரண்டு அணியும் அதே பஸ்ஸில் ஏறின. முன்பாதி மடோனியேக்கும் பின்பாதி எட்னாவுக்கும் போவதாக உடன்பாடு. வலப்பக்கம் ஒரு பனரும் இடப்பக்கம் ஒரு பனரும் கட்டப்பட்டன. சாரதி இரண்டையும் வாசிக்கத் தெரியாதவர், மடோனியேக்கு ஓட்டினார்.

புறப்படப் பிந்தியது. பிரதம விருந்தினராக வர ஒத்துக்கொண்ட ஒரு நகரசபைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் வராவிட்டாலும் அவருக்கான ஆசனம் வந்தது. பங்கு மண்டபத்து உயர்ந்த முதுகு நாற்காலி அது. அதை ஏற்றியதால் ஒரு வரிசை ஆட்கள் எழும்ப நேர்ந்தது. மொனிகா வழிநெடுக றோபேட்டின் மடியில் இருந்தாள். விமலராணி அவர்கள் பக்கத்தில் நின்றாள். ஆனால் நின்றும் இருந்தும் மூன்று பேரும் ஒன்றாய்ப் போனார்கள். வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அந்தப் பயணத்தில் அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மலையில் புல் இருந்தது. மாடும் இருந்தது. மாடுகள் தலையை நிமிர்த்தி, கம்பளித் தொப்பிகளும் பனரும் பட்டு வேட்டியும் நாற்காலியும் இறங்குவதைப் பார்த்தன. காற்று ஊசிபோல் குத்தியது. வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் கறுத்து, பதிந்து கிடந்தது.

மலைவிடுதியின் சாப்பாட்டு மண்டபம் விழாவுக்கு எடுக்கப்பட்டிருந்தது. விளக்கேற்றினார்கள். யாரோ கதவைத் திறக்க, காற்று அணைத்தது, மீண்டும் ஏற்றினார்கள். விருந்தினரின் நாற்காலிக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்கியதும் குகனேஸ்வரி பின்வரிசையில் எழுந்து, தானும் தனது அணியும் எட்னாவிலேயே இருப்பதாகவும் இங்கு நடப்பது தங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். ஆசியுரை நடந்தது. வாழ்த்துரைகள் நடந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்தி, ஒருவரும் வெளியேறாதபடி இரண்டு உபகுழுக்காரர் நிறுத்தப்பட்டார்கள். தலைமையுரை தொடங்கியது. தலைப்பு: பனியும் தமிழரும்.

"பனி எண்டால் என்ன?" என்று தலைவர் கேட்டார். பதில் சொல்ல அவரே இருந்தார். "பனி எண்டது ஒரு ஒழுக்கம். பனி எண்டது ஒற்றுமை. ஒரு துளியாலை என்ன செய்ய ஏலும்? ஒரு துளி தலைமைக்குக் கீழை வரவேணும்..."

றோபேட் கதிரையிலேயே தூங்கிவிட்டான். பல வருடக் களைப்பு அவனை எங்கே சாய்ந்தாலும் பிடித்துக்கொள்ளும். விமலராணி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. முதலில் ஒன்று வந்தது. சாம்பல் என்று நினைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு, பஞ்சுத் தலையணையை யாரோ மேலே இருந்து உதறியதுபோல், எண்ணற்று, சத்தமில்லாமல் வந்தது. மாடுகளின் முதுகு வெளுத்தது.

"நேவிக்கா!" என்று ஒரு பிள்ளை கத்தியது. "நேவிக்கா! ஸ்னோ கொட்டுது!" பிள்ளைகள் எல்லாம் யன்னலுக்கு ஓடின. பெரியவர்களின் கதிரைகள் கிறீச்சிட்டன.

"இருங்கோ!" என்றார் தலைவர். "ஆரும் எழும்பப்படாது. பனி நிகழ்ச்சி நிரலிலை கடைசி. இப்ப தலைமையுரை." மண்டபம் யன்னலையே பார்த்தது. அவர் முகம் சிவந்தது. "செயலாளர்! பேச்சுக்கு இடைஞ்சலாய் இருக்கு. திரையை இழுத்து மூடுங்கோ."

சோதிலிங்கம் போய் ஒவ்வொரு யன்னலாகத் திரையை இழுத்தார். மண்டபம் இருண்டது. "பனி எண்டது," என்று இருட்டில் தலைவர் தொடர்ந்தார், "கண்ணாலை பாக்கிற பொருளில்லை..."

விமலராணிக்குக் கோபம் வந்தது. விசாரணைக்கு வராத கோபம், கடற்கரையில் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. அவள் றோபேட்டின் தோளை உலுப்பினாள்.

"எழும்புங்கோ. வந்திட்டுது."

"ஆர்?"

"வாங்கோ எண்டால் வாங்கோ."

மொனிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதிரைகளுக்கு நடுவால் நடந்தாள். ஒலிவாங்கியில் சோதிலிங்கத்தின் குரல் இரைந்தது. "பனி இணைப்பாளர் உடனடியாக ஆசனத்தில் அமரவும். பனி இணைப்பாளர் ஆசனத்தில் அமரவும்."

கதவில் நின்ற உபகுழுக்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அக்கா, தலைவர் பேசுறார்..." என்றான் ஒருவன்.

"பேசட்டும் தம்பி. அது அவரின்ரை வேலை. பனி என்ரை வேலை. விலத்து."

விலத்தினான்.

வெளியே நிலம் வெளுத்திருந்தது. இரண்டு விரல் உயரம்தான். சறுக்குப் பலகைக்குக் காணாது. அவள் குனிந்து தொட்டாள். குளிரும் என்று தெரியும், ஆனால் சுடும் என்று தெரியாது. ஒரு கை நிறைய அள்ளி, என்ன செய்வதென்று தெரியாமல், றோபேட்டின் முகத்தில் அப்பினாள். அவன் திடுக்கிட்டு, நித்திரை முழுதும் கலைந்து, அவளைப் பார்த்தான். அவள் சிரிப்பதை இத்தனை கிட்டத்தில், இத்தனை வெளிச்சத்தில் அவன் பார்த்து வெகுகாலமாயிருந்தது.

அவன் விடுதிச் சமையலறைக்குள் போனான். சமையலறைக்காரர்களுக்குள் மொழி வேண்டாம். இரண்டு பெரிய பிளாஸ்ரிக் தட்டங்களோடு திரும்பினான். சரிவின் தலைப்பில் ஒன்றில் அவளை இருத்தி, பின்னால் தானும் ஏறி, மொனிகாவிடம் "தள்ளு!" என்றான். தட்டம் போனது. ஒரு பசு விலகியது. இருவரும் அலறிக்கொண்டே போய்ச் சரிவின் அடியில் கவிழ்ந்து, ஒருவர் கைக்குள் ஒருவர் புரண்டு, வாயிலும் காதிலும் பனியோடு கிடந்தார்கள். மேலே மொனிகா கைப்பேசியை எடுத்தாள், பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு மற்றத் தட்டத்தில் பாய்ந்து ஏறினாள்.

அவர்கள் திரும்ப மேலே ஏறி வந்தபோது கதவால் பிள்ளைகள் கொட்டிக்கொண்டிருந்தன. பிறகு தாய்மார் வந்தார்கள். பிறகு கதவுக்குக் காவல் நின்ற உபகுழுக்காரர் இருவரும் வந்தார்கள். குகனேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு மடோனியே பனியில் எட்னாக்காரர்களோடு சறுக்கினார். கடைசியாகச் சோதிலிங்கம் தலையை நீட்டி, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, யாரோ விட்டுப்போன தட்டத்தில் மெல்ல ஏறினார். அவர் விழவில்லை. அன்று முழுவதும் அவர் விழவே இல்லை.

உள்ளே தலைமையுரை தொடர்ந்தது. மண்டபத்தில் பொன்னாடை போர்த்த நாற்காலி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது எழும்பாமல் கேட்டது. தலைவர் ஒரு வரியையும் விடவில்லை. நன்றியுரைக்கு ஆளில்லாததால் தனக்கே நன்றியும் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது பனி நின்று மழை பிடித்திருந்தது. சேறும் புல்லும் கலந்து வழுக்கியது. நனைந்த கோழிகளாய் எல்லோரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தால்," என்று தலைவர் மழையைப் பார்த்து அறிவித்தார், "பனி நிகழ்ச்சியை ஆரம்பித்து வைக்கிறன்."

*

அடுத்த ஞாயிறு பின்னேரம் விமலராணி கூட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் கடை திறக்கிறது. பனியில் புரண்டதில் றோபேட்டுக்குத் தடிமன் பிடித்திருந்தது. குசினி மேசையில் இருந்து தோடம்பழம் உரித்து, சுளை சுளையாக அவளுக்கும் மகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளது தொலைபேசி அடித்தது. செயலாளர்.

"தங்கச்சி, கூட்டத்திலையிருந்து எடுக்கிறன். இரண்டு தீர்மானம். ஒண்டு, மலைக்குப் பனியைக் கொண்டுவந்த தலைவருக்குப் பாராட்டு. விழா எடுக்கிறம். இரண்டாவது..." அவர் செருமினார். "பனி பெய்த நேரம் ஆசனத்திலை இல்லாதபடியால் உங்களைப் பதவியிலையிருந்து நீக்கியிருக்கு."

"பனியிலையிருந்தோ?"

"ஓம். பனியிலையிருந்து."

விமலராணி தோடஞ்சுளையை வாயில் போட்டாள். சரிவில் "இன்னொருக்கால்! இன்னொருக்கால்!" என்று கத்திக்கொண்டு தட்டத்துக்கு வரிசையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாய் அவள் கண்ணில் வந்தன.

"கையைத் தூக்கேக்கை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ அண்ணை?"

"இல்லை," என்றார் சோதிலிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி... அந்தத் தட்டம் எங்கை வாங்கலாம்?"

அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். றோபேட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆரப்பா எடுத்தது?"

"ஒருத்தருமில்லை," என்றாள் விமலராணி. "ஒன்றியம்."